அழித்த எபிசோடு ஏன் திரும்பி வருகிறது?

போன மாதம் ஒரு நாள் என் போனில் இடம் தீர்ந்துவிட்டது. ஒரு செயலியை அப்டேட் செய்யக்கூட வழியில்லை. எது இவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று பார்த்தால், புகைப்படங்களுக்கு அடுத்தபடியாக பாட்காஸ்ட், அதாவது இணையத்திலிருந்து இறக்கிக் கேட்கும் ஒலி நிகழ்ச்சிகள். கேட்டு முடித்தவை, பாதியில் விட்டவை, தொடவே தொடாதவை என்று நாற்பது எபிசோடுகள். ஃபைல் மேனேஜரைத் திறந்து அந்த ஃபோல்டரில் இருந்த அத்தனையையும் ஒரே அமுக்கில் டெலீட் செய்தேன். இரண்டு நாள் கழித்து, இரவு வைஃபையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால், பாதிக்கு மேல் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

செயலியைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தப்பு நான் அழித்த இடத்தில்.

பாட்காஸ்ட் என்பது உள்ளே பார்த்தால் ரொம்ப எளிய ஏற்பாடு. ஏதோ ஒரு சர்வரில் ஆடியோ ஃபைல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் ஆர்எஸ்எஸ் ஓடை (RSS feed). வலைப்பதிவுகளில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பிறந்தது அது. 2000 டிசம்பரில் டேவ் வைனர் என்ற மென்பொருள்காரர் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் 0.92 பதிப்பில் ஒவ்வொரு பதிவோடும் ஒரு ஃபைலைக் கோத்து அனுப்பும் வசதி சேர்ந்தது. ஃபைலின் முகவரி, எத்தனை பைட், என்ன வகை என்று மூன்றே விவரங்கள். அவ்வளவுதான், பாட்காஸ்ட்டுக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டது. ‘பாட்காஸ்டிங்’ என்ற பெயர் அச்சில் வந்ததே 2004இல்தான். அடுத்த வருடம் ஆப்பிளின் பாட்டுச் செயலியான ஐடியூன்ஸ் தன் 4.9 பதிப்பில் இதைச் சேர்த்துக்கொண்டதும் ஊரெல்லாம் பரவியது.

உங்கள் செயலி சில மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த ஓடையை எட்டிப் பார்க்கிறது. பட்டியலில் இருபது எபிசோடு இருந்தால் அவற்றில் எது புதிது என்று அதற்கு எப்படித் தெரியும்? தலைப்பை நம்ப முடியாது, பின்னால் திருத்துவார்கள். தேதியையும் நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு எபிசோடுக்கும் ‘ஜியூஐடி’ என்ற தனி அடையாளம் உண்டு. 2002இல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0 கொடுத்த ஏற்பாடு இது. செயலி தன்னிடம் ஒரு சின்ன தரவுத்தளம் வைத்துக்கொண்டு, பார்த்த அடையாளங்களையெல்லாம் அதில் குறித்துவைக்கிறது: இது வந்தது, இது இறங்கியது, இது கேட்டாயிற்று, இது அழித்தாயிற்று.

கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. வந்த பணம் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் அன்றைக்கே போய்விடும். நோட்டு மட்டும் முப்பது வருடம் பீரோவில் இருக்கும். எபிசோடும் அப்படித்தான். ஆடியோ போய்விட்டாலும், அது வந்து போன பதிவு இருந்தே ஆக வேண்டும். ஒன்றை ஒழுங்காக அழிக்க வேண்டுமென்றால், அதை அழித்தோம் என்பதை மறக்காமல் இருக்க வேண்டும். இந்த வேடிக்கைதான் இதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம்.

நான் செய்ததோ, நோட்டைத் தொடாமல் பணத்தை மட்டும் எடுத்த கதை. செயலியின் தரவுத்தளத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பு விழவே இல்லை. கேட்காத எபிசோடுகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும் என்று எப்போதோ நானே ஒரு விதி போட்டிருந்தேன். ராத்திரி வைஃபை கிடைத்ததும் செயலி சரிபார்த்தது: பதிவு இருக்கிறது, ஃபைலைக் காணோம். உடனே இறக்கிக் கொடுத்துவிட்டது. கேட்டு முடித்தவை மட்டும் திரும்பி வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவற்றுக்கு எதிரே ‘கேட்டாயிற்று’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பதிவு போய்விடும், ஃபைல் தங்கிவிடும். செயலியில் ஒன்றுமே தெரியாது, ஆனால் இடம் மட்டும் அடைத்துக்கொண்டு இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஃபைல் மேனேஜர் உதவும்.

நிகழ்ச்சிக்காரர்கள் சர்வரை மாற்றும்போது இன்னொரு கூத்து நடக்கும். புது இடத்தில் பழைய எபிசோடுகளுக்குப் புது ஜியூஐடி விழுந்துவிட்டால், உங்கள் செயலிக்கு அத்தனையும் புதுசு. ‘மா. செல்வராசு, கீழத்தெரு’ என்று போன வருடம் எழுதியவர் இந்த வருடம் ‘எம். செல்வராஜ், திருப்பூர்’ என்று எழுதினால் நோட்டைப் புரட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? செயலி மாறும்போதும் இதே தொல்லைதான். 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோது, சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் ஃபைலாக எடுத்துப் போக முடிந்தது. ஆனால் அந்த ஃபைலில் இருப்பது ஓடைகளின் முகவரி. எதைக் கேட்டீர்கள், எதை அழித்தீர்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

சரி, எவ்வளவு இடம்தான் போகிறது? கணக்கு சுலபம். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நொடிக்கு 1,28,000 பிட். எட்டால் வகுத்தால் 16,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. தினமும் இருபது நிமிடம் வரும் செய்தி நிகழ்ச்சி ஒன்றை அழிக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் 7 ஜிபி. ஒருவர் பேசுவதைக் கேட்க 64 கேபிபிஎஸ் மோனோ (ஒரே ஒலித்தடம்) தாராளமாகப் போதும், அதில் இது பாதியாகும். இருந்தும் பலர் வெறும் பேச்சை ஸ்டீரியோவில் 192க்கு ஏற்றுகிறார்கள். யாருக்காக என்று எனக்குப் புரிந்ததில்லை.

டெலீட் அழுத்தியதும் அந்த 57 எம்பி என்ன ஆகிறது? உடனே ஒன்றும் ஆவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று ஃபைல் சிஸ்டம் ஒரு குறிப்பு எழுதுகிறது. உங்கள் பார்வையில் அந்த நொடியே இடம் கிடைத்துவிட்டது. சிப்புக்குள் கதை வேறு. ஃப்ளாஷ் மெமரியில் இருப்பதன் மேலேயே புதிதாக எழுத முடியாது, முதலில் துடைத்தாக வேண்டும். எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும், ஒரு பக்கம் சில கிலோபைட். துடைப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொகுதியாக மட்டுமே. எந்தப் பக்கங்கள் இனி வேண்டாம் என்று ‘டிரிம்’ என்ற கட்டளை மூலம் போன் சிப்புக்குச் சொல்கிறது. சிப்பும் சாவகாசமாக, ஒரு தொகுதியில் வேண்டிய பக்கங்களை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு மொத்தத்தையும் துடைக்கிறது. சேமிப்பு நிரம்பி வழியும்போது போன் மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம். நகர்த்திவைக்கவே காலி இடம் இருக்காது.

எதை அழிப்பது என்பதைச் செயலியிடமே விட்டுவிடலாம். ஆன்டெனாபாட் என்ற இலவசச் செயலியில், கேட்டு முடித்ததும் அழி, சில நாள் கழித்து அழி, வரிசையில் இல்லாததை அழி என்றெல்லாம் அமைக்கலாம். பிடித்தவை என்று குறித்ததைத் தொடாதே என்றும் சொல்லலாம். அழிப்பதைவிட, இறக்குவதைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஆப்பிள் 2023இல் ஐஓஎஸ் 17 வெளியிட்டபோது, கேட்காமல் விட்ட எபிசோடுகளைத் தானாக இறக்கித் தள்ளும் வழக்கத்தைக் குறைத்தது. பல பிரபல நிகழ்ச்சிகளின் டவுன்லோடு எண்ணிக்கை சரிந்தது. என் போனில் கிடந்த மாதிரி எத்தனை போன்களில் யாரும் கேட்காமல் கிடந்தனவோ!

அழிக்கும் முன் ஓடையை ஒரு முறை கடைசிவரை உருட்டிப் பாருங்கள். ஓடை என்பது காப்பகம் இல்லை. பல நிகழ்ச்சிகள் கடைசி நூறோ முந்நூறோ எபிசோடுகளை மட்டுமே பட்டியலில் வைத்திருக்கும். அதற்கு முந்தையது உங்கள் போனில் இருந்து போனால் போனதுதான்.

என் நாற்பதில் அப்படி ஒன்று இருந்தது, ஒரு ஒன்றரை மணி நேரப் பேட்டி. ஃபைல் மேனேஜரில் நான் ஒரே அமுக்கில் அழித்தவற்றில் அதுவும் சேர்த்தி. மற்றவை திரும்பி வந்த அன்று அதையும் தேடினேன். செயலியில் தலைப்பும் படமும் அப்படியே இருக்கின்றன. அழுத்தினால் 404 என்கிறது, அந்த முகவரியில் ஒன்றும் இல்லையாம்.