குறிச்சொல்: பணிக்குறிப்புகளில் 'டேக்'

குறிப்பெடுக்கும் செயலிகளில் 'டேக்' என்று இருப்பதற்குத் தமிழில் குறிச்சொல். ஒரு குறிப்பின் மேல் நாமாக இடும் ஒரு சொல் அல்லது சிறு தொடர் அது. அந்தச் சொல்லைத் தொட்டால், அது இடப்பட்ட குறிப்புகள் எந்தக் கோப்புறையில் கிடந்தாலும் ஒரே பட்டியலாக வந்துவிடும்.

இதைத் திறவுச்சொல்லோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. திறவுச்சொல் உரைக்குள் ஏற்கெனவே இருப்பது. "குழாய் கசிகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும்" என்ற குறிப்பில் 'குழாய்' திறவுச்சொல். தேடினாலே கிடைத்துவிடும் என்பதால் #குழாய் என்று தனியாக இடுவது வீண்வேலை. அந்தக் குறிப்பில் எங்கும் இல்லாத 'தொலைபேசி' என்ற சொல்லை இட்டால்தான் பயன். பத்து நிமிடம் ஓய்வு கிடைக்கும்போது #தொலைபேசி என்பதைத் தொட்டால், பேசித் தீர்க்க வேண்டிய எல்லாவற்றோடும் குழாய் விஷயமும் சேர்ந்து வரும். உரையில் இல்லாததைச் சொல்வதே குறிச்சொல்லின் வேலை. செயலி தானே கண்டுபிடிக்கக்கூடியதை நாம் எழுதத் தேவையில்லை.

சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் 'டேக்' என்ற சொல் 1400-ஐ ஒட்டிய காலத்தில் ஆடையின் ஓரத்தில் தொங்கும் சிறு துண்டைக் குறித்தது. கூர்முனை, முள் என்று பொருள்படும் ஸ்காண்டிநேவியச் சொற்களோடு உறவுடையதாக இருக்கலாம் என்பது சொற்பிறப்பு அகராதிகளின் கருத்து. பிறகு கயிற்று நுனியில் இடும் உலோகப் பூணுக்கும், 19ஆம் நூற்றாண்டில் பொருளோடு கட்டித் தொங்கவிடும் அடையாளச் சீட்டுக்கும் பெயரானது.

கணினிக்குள் இது இரண்டு வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்தது. ஒன்று, ஆவணத்தின் எந்தப் பகுதி தலைப்பு, எது பத்தி என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறிகள். ஐபிஎம் நிறுவனத்தில் 1969-இல் தொடங்கிய ஜிஎம்எல் என்ற ஆவணக் குறிமொழியின் வழியில் வந்து, இன்று இணையப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் நிற்பவை இவை. மற்றொன்று, மனிதர்கள் தங்கள் வசதிக்காகப் பொருள்களின் மேல் இடும் சொல். 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் என்ற இணையப்பக்கச் சேமிப்புத் தளமும், 2004-இல் வந்த பிளிக்கர் புகைப்படத் தளமும் இந்தப் பழக்கத்தைப் பரப்பின. அதே 2004-இல் ஜிமெயில், கோப்புறைகளுக்குப் பதிலாக 'லேபிள்' என்ற பெயரில் இதையே தந்தது. கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் இன்றும் அந்தப் பெயர்தான். முன்னால் # போடும் வழக்கம் ட்விட்டரில் பரவியது, 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்ற பயனர் அதை முன்மொழிந்த பிறகு. குறிப்புச் செயலிகளில் நாம் இடும் # அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

கணினியில் இந்தப் பழக்கம் புதிது என்றாலும் எண்ணம் பழையது. ஒரு நூலுக்கு ஒரே இடம்தான் என்ற அலமாரி விதியோடு நூலகர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலைப் பல முகங்களாகப் பிரித்தது: எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, அதில் என்ன செயல் நடக்கிறது, எங்கே, எப்போது. முகங்களைத் தனித்தனியே குறித்து, பிறகு சேர்த்துப் படிக்கும் இந்த முறை தெரிந்தவர்களுக்குக் குறிச்சொல் அமைப்பது கைவந்த கலை. பணிகளை ஒழுங்குபடுத்தவும் இதுவே அடிப்படை என்பதைக் கீழே பார்க்கலாம்.

தமிழில் எது சரி

குறி + சொல் = குறிச்சொல். இடையில் ச் மிகும். 'குறிசொல்' என்று எழுதினால் சோதிடம் சொல்லச் சொல்வதுபோல் ஆகிவிடும். குறிப்பு, குறியீடு, குறிப்பேடு எல்லாம் இதே 'குறி'யிலிருந்து வந்தவை என்பதால் குறிப்புச் செயலிக்கு இச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது. அகப்பொருள் இலக்கணத்தில் குறி என்பது தலைவனும் தலைவியும் சந்திக்க முன்கூட்டியே பேசிவைத்த இடம். பகற்குறி, இரவுக்குறி என்று இரண்டு. பணிக்குறிப்பில் இடும் சொல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான்: இன்று எழுதுபவரும் அடுத்த வாரம் தேடுபவரும் ஒரே இடத்துக்கு வந்தால்தான் சந்திப்பு நடக்கும். ஒருவர் #கட்டணம் என்ற இடத்திலும் மற்றவர் #பில் என்ற இடத்திலும் காத்திருந்தால் நடக்காது, இருவரும் ஒரே ஆளாகவே இருந்தாலும்.

'ஒட்டு' என்ற சொல்லும் புழங்குகிறது. எச்டிஎம்எல் குறிகளுக்கு அது பொருத்தம். அவை உரையோடு ஒட்டியே இருக்க வேண்டியவை. 'பகுப்பு', 'வகை' ஆகியவை வேறு. பகுப்பு என்பது மேலிருந்து கீழாகத் திட்டமிட்டுப் பிரிப்பது. குறிச்சொல் அப்படி அல்ல, எவ்வளவு வேண்டுமானாலும் மேலே மேலே இடலாம். 'அடையாளச்சீட்டு' பொருளால் சரி, ஆனால் திரையில் ஒரு பொத்தானுக்குள் அடங்காது. பேச்சில் 'டேக் பண்ணு' என்றால் பெரும்பாலும் சமூக ஊடகத்தில் ஓர் ஆளைப் பெயர் சொல்லி இழுப்பது. அதற்குக் 'கோத்துவிடுவது' என்ற கேலிச்சொல்லே போதும், குறிச்சொல்லை அங்கே செலவழிக்க வேண்டாம்.

தமிழில் குறிச்சொல் இடும்போது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

முதலாவது, வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் உருபுக்கு ஈடான சொல் தனியே முன்னால் நிற்கும்; எனவே வாக்கியத்தின் நடுவிலேயே # போட்டுவிடலாம். தமிழில் உருபு சொல்லோடு ஒட்டும், ஒட்டும்போது சொல்லையும் மாற்றும். "வருகைப்பதிவில் பிழை, #அலுவலகத்தில் கேட்க வேண்டும்" என்று எழுதினால் செயலி #அலுவலகத்தில் என்று ஒரு புதிய குறிச்சொல்லை உருவாக்கும். #அலுவலகம் பட்டியலில் இந்தக் குறிப்பு வராது. இன்னொரு நாள் #அலுவலகத்துக்கு, #அலுவலகத்திலிருந்து என்று பிள்ளைகள் பெருகும். வாக்கியத்தை இயல்பாக முடித்துவிட்டு, குறிச்சொல்லை வரியின் கடைசியில் எழுவாய் வடிவில் இடுங்கள்: "வருகைப்பதிவில் பிழை, கேட்க வேண்டும் #அலுவலகம்". பன்மையும் இப்படித்தான். வேலையா வேலைகளா என்று ஒருமுறை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். ஒருமையே சுலபம்.

இரண்டாவது, எழுத்து அறுபடுவது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் கணினி முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' வகையில் சேராது. அவை எழுத்தோடு சேரும் குறிகள் என்ற தனி வகை. "எழுத்தும் எண்ணும் வரும்வரை குறிச்சொல்" என்று மட்டும் விதி எழுதப்பட்ட செயலியில் #வேலை என்பது #வ என்று முடிந்துவிடும். புதிய செயலியை நம்புமுன் #மின்னஞ்சல் என்று எழுதிக் குறிச்சொல் பட்டியலைப் பாருங்கள். முழுச்சொல் வந்தால் சரி. 'ம' மட்டும் வந்தால், உரைக்குள் # போடுவதை விட்டுவிட்டு, குறிச்சொல்லுக்கென்றே தனிப் பெட்டி உள்ள செயலிக்குப் போவது நல்லது. தனிப் பெட்டியில் இடும் சொல்லைச் செயலி துண்டாட வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. ொ என்ற குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ெ, ா என்ற இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கைப்பேசி விசைப்பலகை ஒரு விதமாகவும் கணினி விசைப்பலகை வேறு விதமாகவும் இட்டால், இரண்டையும் ஒன்றாக்கும் இயல்பாக்கத்தைச் செய்யாத செயலியில் #தொலைபேசி பட்டியலில் இரண்டு முறை நிற்கும், பாதிக் குறிப்பு ஒன்றில், மீதி மற்றதில். ௌ இன்னும் மோசம்: #பௌதிகம் என்பதை ெ போட்டு ள எழுதி முடிப்பவர்கள் உண்டு, அது உண்மையிலேயே வேறு எழுத்து, எந்த இயல்பாக்கமும் சேர்த்துவைக்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து, முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு முறையும் முழுதாகத் தட்டாதீர்கள்.

சில்லறை விதிகள்: குறிச்சொல்லுக்குள் இடைவெளி விட்டால் # முறையில் முதல் சொல்லோடு நின்றுவிடும், #படிக்க_வேண்டியது என்று அடிக்கோடு இடலாம். #-க்குப் பிறகு இடைவெளி விட்டால் மார்க்டவுன் என்ற எளிய குறி முறையைப் பயன்படுத்தும் செயலிகள் அதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு பெரிய எழுத்தில் காட்டும். ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில் வெறும் எண் செல்லாது. #2025 ஏற்காது, #ஆண்டு2025 ஏற்கும்.

பணிகளுக்கு எத்தனை, எவை

ரங்கநாதனின் முகங்களை இங்கே கொண்டுவரலாம். ஒரு பணிக்கு மூன்று முகம் போதும்: எந்த நிலையில் இருக்கிறது, அதைச் செய்ய என்ன வேண்டும், யாரிடம் இருக்கிறது. நிலைக்கு #செய்ய, #காத்திருப்பு, #பிறகு. சூழலுக்கு #கணினி, #தொலைபேசி, #வெளியே போல நான்கைந்து. ஆளுக்கு, அடிக்கடி பேசவேண்டியவர்கள் மட்டும். மொத்தம் பன்னிரண்டு, பதினைந்துக்குள் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் எது இருக்கிறது என்பதே நினைவில் இராது, புதிதாக ஒன்றை உருவாக்கத்தான் கை போகும். சாய்கோட்டை ஏற்கும் செயலிகளில் #நிலை/செய்ய, #சூழல்/கணினி என்று எழுதினால் முகங்கள் பட்டியலில் தானே பிரிந்து நிற்கும்.

எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

☐ ஒப்பந்த நகலில் மூன்றாம் பக்கத் தொகையைச் சரிபார்க்க #செய்ய #கணினி
☐ திருத்திய நகல் வழக்கறிஞரிடமிருந்து வர வேண்டும், 12ஆம் தேதி கேட்டது #காத்திருப்பு

இரண்டாவது வரியில் தேதி உரையில் இருக்கிறது, குறிச்சொல்லில் இல்லை. #நாளை என்று இட்டால் நள்ளிரவு தாண்டியதும் அது பொய். கெடு தேதிக்குச் செயலியின் நினைவூட்டல் இருக்கிறது, அங்கே வையுங்கள். திட்டத்தின் பெயருக்கும் குறிச்சொல் வேண்டாம். அதற்குக் கோப்புறையோ குறிப்பேடோ போதும், ஒரு பணி பொதுவாக ஒரு திட்டத்தைத்தான் சேரும். #அவசரம், #முக்கியம் இரண்டையும் தவிர்ப்பதே உத்தமம். இடும்போது எல்லாமே முக்கியமாகத் தோன்றும், ஒரு மாதத்தில் பாதிக் குறிப்புகளில் அது ஒட்டிக்கொண்டு எதையும் பிரித்துக் காட்டாது.

மேலே உள்ள எடுத்துக்காட்டு எல்லாச் செயலியிலும் ஒரேபோல் வேலை செய்யாது. எவர்நோட், ஜாப்ளின், கீப் ஆகியவற்றில் குறிச்சொல் முழுக் குறிப்புக்கும் உரியது. ஐந்து பணி உள்ள குறிப்பில் #காத்திருப்பு இட்டால் ஐந்தில் எது காத்திருக்கிறது என்று தெரியாது. அங்கே ஒரு பணிக்கு ஒரு குறிப்பு என்று பிரிப்பதுதான் வழி. ஒன்நோட்டில் குறிச்சொல் பத்திக்கு உரியது. ஆப்சிடியனில் எந்த வரியிலும் எழுதலாம், ஆனால் சாதாரணத் தேடல் அதைக் கோப்பளவில்தான் பொருத்தும். ஒரே வரியில் இரண்டு குறிச்சொல்லும் இருக்க வேண்டுமென்றால் வரி அளவில் தேடச் சொல்லும் கட்டளையைச் சேர்க்க வேண்டும்.

எவர்நோட்டிலும் ஜாப்ளினிலும் தேடல் பெட்டியில் 'டேக்' என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, குறிச்சொல்லை எழுதினால் வடிகட்டும். இரண்டு குறிச்சொல் கொடுத்தால் இரண்டும் உள்ளவை மட்டுமே வரும். முன்னால் கழித்தல் குறி இட்டால் அது உள்ளவை விலகும். கழித்தல் குறி, டேக், முக்காற்புள்ளி, உடுக்குறி (*) என்று கொடுத்தால் ஒரு குறிச்சொல்லும் இல்லாத அனாதைக் குறிப்புகள் வரும். வாரம் ஒருமுறை இதை ஓட்டிப் பார்த்தால் போதும், அவசரத்தில் எழுதிவிட்டு விட்டுப்போனவை அகப்படும். ஆப்பிள் நோட்ஸில் 2021 முதல் குறிச்சொல்லை வைத்துத் தானே நிரம்பும் கோப்புறை அமைக்கலாம். #செய்ய உள்ளவற்றுக்கு ஒன்று அமைத்துவிட்டால் தினமும் தேட வேண்டியதில்லை.

பெரும்பாலான அமைப்புகள் குலைவது நிலைக் குறிச்சொல்லைக் கழற்றாததால். பணி முடிந்து பெட்டியில் ✓ இட்டாலும் #செய்ய அங்கேயே இருக்கும். அடுத்த முறை பட்டியல் முடிந்த வேலைகளால் நிரம்பிவரும், பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. சூழலும் ஆளும் ஒட்டிக்கிடந்தால் கேடில்லை, நிலை மட்டும் மாற வேண்டியது. #காத்திருப்பிலிருந்து #செய்ய-க்கு மாறும்போது புதியதை இடுமுன் பழையதை எடுங்கள். இரண்டும் உள்ள குறிப்பு இரண்டு பட்டியலிலும் வந்து எதிலும் உண்மை சொல்லாது.

பெயர் மாற்ற வேண்டிய நாள் வரும். எவர்நோட், ஜாப்ளின் போன்றவற்றில் குறிச்சொல் தரவுத்தளத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. ஒருமுறை மாற்றினால் எல்லாக் குறிப்பிலும் மாறும். உரைக்குள் எழுதப்பட்ட # குறிச்சொல் ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாக இருப்பது. கண்டுபிடித்து மாற்றும் கருவி வேண்டும், மாற்றும்போது #பணி என்று தேடினால் #பணியிடம் என்பதன் முன்பாதியும் மாறிவிடாமல் பார்க்க வேண்டும். செயலியை விட்டுப் போகும்போது நிலைமை தலைகீழ். உரைக்குள் இருப்பது கோப்போடு அப்படியே வரும். தரவுத்தளத்தில் இருப்பதைச் செயலியின் சொந்த ஏற்றுமதி வடிவம் காப்பாற்றலாம், ஆனால் பிடிஎஃப் ஆகவோ வெற்று உரையாகவோ எடுத்தால் விடுபட்டுப் போகக்கூடும். முதலில் இரண்டு குறிப்பை மட்டும் ஏற்றுமதி செய்து, குறிச்சொற்கள் உள்ளே இருக்கின்றனவா என்று திறந்து பார்த்துவிட்டு மீதியை எடுங்கள்.