எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்: பண்பலைப் பரப்பி

கைப்பேசியிலோ எம்பி3 பிளேயரிலோ உள்ள பாட்டை, காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் வானொலிப் பெட்டியின் வழியாகவே கேட்க உதவும் சிறு கருவிக்கு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் என்று பெயர். பெரும்பாலும் இது சிகரெட் லைட்டருக்கான துளையில் செருகப்பட்டு, வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும். பாட்டு அதனுள் 3.5 மில்லிமீட்டர் கம்பி வழியாகவோ, பென்டிரைவ் வழியாகவோ, ப்ளூடூத் வழியாகவோ சென்று சேர்கிறது. கருவி அதை வானொலி அலையில் ஏற்றிச் சில மீட்டர் தொலைவுக்கு வெளியிடுகிறது. கார் வானொலியை அதே அதிர்வெண்ணில் வைத்தவுடன் பாட்டு கேட்கத் தொடங்கும். விற்பனையாளர்கள் இதையே எஃப்எம் மாடுலேட்டர் என்றும் கார் ப்ளூடூத் என்றும் அழைப்பதால், ஒரே பொருளுக்குப் பல பெயர்களும் ஒரே பெயருக்குப் பல பொருள்களும் புழங்குகின்றன.

டிரான்ஸ்மிட்டர் என்னும் சொல், 'கடந்து, அப்பால்' எனப் பொருள்படும் டிரான்ஸ் என்ற லத்தீன் முன்னொட்டும் 'அனுப்புதல்' எனப் பொருள்படும் மித்தெரே என்ற வினையும் சேர்ந்து உருவானது. எஃப்எம் என்பது ஃபிரீக்குவென்ஸி மாடுலேஷன் என்பதன் சுருக்கம். மாடுலேஷனின் வேர், அளவைக் குறிக்கும் மோதுஸ் என்ற லத்தீன் சொல். அதிலிருந்து பிறந்த வினை, தாளத்துக்கும் அளவுக்கும் ஏற்பக் குரலை அமைத்துப் பாடுவதைக் குறித்தது. மின்னியலுக்கு வந்தபோது அச்சொல், ஓர் அலையின் ஏதேனும் ஓர் இயல்பை மற்றொரு குறிகைக்கு (சிக்னலுக்கு) ஏற்ப மாற்றுவதைக் குறிக்கலாயிற்று. அலையின் வீச்சை, அதாவது அது ஏறி இறங்கும் உயரத்தை, மாற்றினால் அது ஏஎம். வீச்சை அப்படியே விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றினால் எஃப்எம். மின்னலும் மின்பொறிகளும் உண்டாக்கும் இரைச்சல் பெரும்பாலும் அலையின் வீச்சையே பாதிப்பதால், பாட்டை அதிர்வெண்ணில் ஏற்றி அனுப்பும் முறையில் இரைச்சல் வெகுவாகக் குறைகிறது. அகலமான அதிர்வெண் மாற்றத்தைக் கையாளும் இம்முறைக்கு அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்றார்.

தமிழ்ப் பாடநூல்கள் மாடுலேஷனைப் பண்பேற்றம் என்றும், ஏற்றியதைத் திரும்பப் பிரித்தெடுப்பதைப் பண்பிறக்கம் என்றும், சுமந்து செல்லும் அலையை ஊர்தி அலை என்றும் வழங்குகின்றன. அதன்படி எஃப்எம் என்பதற்கு நேரான கலைச்சொல் அதிர்வெண் பண்பேற்றம் ஆகும். இலங்கை வழக்கில் அதிர்வெண்ணுக்கு மீடிறன் என்ற சொல் உண்டு. மக்கள் நாவில் நிலைத்ததோ பண்பலை. இதைப் பண் என்னும் இசைப்பெயரோடு அலை சேர்ந்த சொல்லாகக் கருதுவோர் இருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை. தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பதால் பண்ணும் அலையும் சேர்ந்தால் பண்ணலை என்றே வரும். பண்பு என்பதன் ஈற்று உகரம் கெட்டு அலையோடு சேர்ந்ததே பண்பலை.

வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் இச்சொல்லில் ஒரு குறை உண்டு. வீச்சுப் பண்பேற்றம் பெற்ற அலையும் பண்பு ஏற்றப்பட்ட அலைதான். பண்பலை என்ற சொல்லில் அதிர்வெண்ணுக்கான குறிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் மத்திய அலை, சிற்றலை என்று அலைநீளத்தால் பெயர் பெற்றவற்றின் வரிசையில், அலை என்ற ஈற்றோடு இயல்பாக வந்து அமர்ந்துகொண்ட சொல் இது. வானொலி நிலையங்களே தம் பெயரோடு சேர்த்து ஒலித்து நிலைநிறுத்திய பிறகு, பொருள் துல்லியத்தின் பேரால் இதை மாற்ற முனைவது வீண் வேலை என்றே எண்ணுகிறேன். பாடநூலுக்கு அதிர்வெண் பண்பேற்றமும் அன்றாட வழக்குக்குப் பண்பலையும் இருக்கட்டும்.

டிரான்ஸ்மிட்டருக்கான தமிழ்ச்சொல்லைத் தேர்வதில்தான் கவனம் தேவைப்படுகிறது. கடத்தி என்பது மின்சாரத்தையோ வெப்பத்தையோ தன்னூடே செல்லவிடும் பொருளுக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது. அனுப்பி, செலுத்தி ஆகியவை பிழையல்ல; எனினும் அவை ஓரிடத்திலிருந்து குறிப்பிட்ட ஓரிடத்துக்குச் சேர்ப்பிப்பதையே உணர்த்துகின்றன. ஒலிபரப்பி என்றால் ஒலிபெருக்கியைப் போல ஒலியை வெளியிடும் கருவி என்ற மயக்கம் நேரும். இக்கருவியிலிருந்து வெளிவருவது காதுக்குக் கேட்காத மின்காந்த அலையே ஆகும். பரப்பு என்னும் வினையோடு, செயலைச் செய்யும் பொருளை உணர்த்தும் இகர விகுதி சேர்ந்த பரப்பி என்ற சொல், எத்திசையிலும் அலையை விரித்துவிடும் செயலை உள்ளபடியே காட்டுகிறது. அலையை வாங்கும் கருவிக்கு ஏற்பி என்ற சொல் இருப்பதால், பரப்பி, ஏற்பி என இணையாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே பண்பலைப் பரப்பி என்பதே பொருத்தமான பெயர். வானொலி நிலையத்தின் பெரிய பரப்பியிலிருந்து வேறுபடுத்த வேண்டிய இடத்தில் சிறு பண்பலைப் பரப்பி எனலாம்.

கருவி அலையை அனுப்புகிறதா வாங்குகிறதா என்பதைப் பெயர் தெளிவாகக் காட்டவேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. கைப்பேசியில் எஃப்எம் இருக்கிறது என்று சொன்னால் அது பெரும்பாலும் ஏற்பியையே குறிக்கும். அதை வைத்து நிலையங்களைக் கேட்கலாமே தவிர, காருக்குப் பாட்டை அனுப்ப முடியாது. நோக்கியா 2008இல் வெளியிட்ட என்78 போன்ற சில கைப்பேசிகளில் மட்டும் பரப்பியும் உள்ளேயே அமைந்திருந்தது. இன்றைய ப்ளூடூத் வகைக் கருவியோ இரண்டுமாக இருக்கிறது: கைப்பேசியிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வருவதை ஏற்றுக்கொண்டு, கார் வானொலிக்குப் பண்பலையில் பரப்புகிறது.

பல நாடுகளில் பண்பலைக்குரிய பட்டை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. ஜப்பானில் அது 76 முதல் 95 வரை. ஒரு நாட்டுக்காகச் செய்யப்பட்ட பரப்பி மற்றொரு நாட்டு வானொலியோடு ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவில் நிலையங்கள் 88.1, 88.3 என ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டுமே அமைவதால், அந்நாட்டுக்கான வானொலிகள் பலவற்றில் 88.2ஐத் தேர்ந்தெடுக்கவே முடியாது. பரப்பும் திறனும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்படுகிறது. பிரிட்டன் 2006 டிசம்பர் 8 முதல் இக்கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தபோது 50 நானோவாட்டை உச்சவரம்பாக வைத்தது. அமெரிக்க விதி, 3 மீட்டர் தொலைவில் புலவலிமை (அங்கே அலைக்கு இருக்கும் வலு) மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக்கூடாது என்கிறது.

இவ்வளவு மெலிந்த அலை, ஆயிரக்கணக்கான வாட் திறனுள்ள நிலையங்களுக்கு நடுவே பிழைத்திருப்பது அண்மையால்தான். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகள் வந்தால், பண்பலை ஏற்பி அவற்றுள் வலியதைப் பற்றிக்கொண்டு மற்றதை ஏறத்தாழ முழுமையாக அடக்கிவிடும். ஏற்பிக்கு வெகு அருகில் இருக்கும் பரப்பி, தொலைவிலுள்ள நிலையத்தை இவ்வாறு வென்றுவிடுகிறது. கார் ஓடஓட அந்த நிலையத்தின் அலை வலுத்து, இரண்டும் ஏறத்தாழச் சமமாகும் இடத்தில் பாட்டும் பேச்சும் மாறிமாறி வெட்டும். அதையும் கடந்தால் நிலையம் மட்டுமே கேட்கும். நெடுந்தொலைவுப் பயணத்தில் அதிர்வெண்ணை அவ்வப்போது மாற்றவேண்டியிருப்பது இதனால்தான். நிலையம் இல்லாத அதிர்வெண்ணைத் தேர்வது போதாது. அதன் இருபுறமும் அடுத்தடுத்த அதிர்வெண்களில் வலுவான நிலையம் இல்லாமலும் இருக்கவேண்டும். ஊர்தி அலை தன் நடுநிலையிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசைவதால், அதற்கு அக்கம்பக்கத்தில் இடம் தேவைப்படுகிறது.

ஒலித்தரத்தைப் பொறுத்தவரை, ஸ்டீரியோ பண்பலையில் 19 கிலோஹெர்ட்ஸில், ஒலிபரப்பு ஸ்டீரியோ என்று ஏற்பிக்கு உணர்த்தும் ஒரு வழிகாட்டிக் குறிகை இருப்பதால், பாட்டின் மேல்வரம்பு 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் வெட்டப்படுகிறது. நேரடிக் கம்பி இணைப்பின் தெளிவை இதில் எதிர்பார்க்க முடியாது.

மாடுலேட்டர் என்ற பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லாப் பரப்பிகளுக்குள்ளும் பண்பேற்றம் செய்யும் பகுதி உண்டு என்பதால் அப்பெயர் முழுத்தவறல்ல. ஆயினும் கார் வானொலிக்கும் அதன் ஆண்டெனாவுக்கும் இடையிலுள்ள கம்பியில் நேரடியாகப் பொருத்தப்படும் வேறொரு கருவி உண்டு. அது அலையைக் காற்றில் பரப்பாமல் கம்பி வழியாகவே வானொலிக்குள் செலுத்துகிறது. அது இயங்கும்போது ஆண்டெனாவின் தொடர்பைத் துண்டிக்கும்படி அமைக்கலாம் என்பதால் வெளி நிலையங்களின் குறுக்கீடும் அங்கே வெகுவாகக் குறையும். பண்பேற்றி என்ற சொல்லை அந்தக் கம்பிவழிக் கருவிக்கு ஒதுக்கிவிட்டு, காற்றுவழி அனுப்புவதைப் பரப்பி என்றே எழுதினால் இரண்டும் குழம்பா.