குரல் உதவியாளர் ஏன் குறுக்கே பேசுகிறது? உரையாடல் ஆய்வாளர்கள் பார்க்க வேண்டியது

சேவை மையத்தை அழைத்தவர் "ஒன்பது எட்டு நாலு" என்று சொல்லி மூச்சு வாங்குகிறார். உடனே இயந்திரம் "மன்னிக்கவும், எண் சரியில்லை" என்கிறது. அவர் மீதி எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்; இரண்டு குரலும் மோதும். பதிவேட்டில் அது 'பயனர் பிழை' என்று ஏறிவிடும். கோளாறு இருப்பதோ மௌன வரம்பில். அரை வினாடியோ ஒரு வினாடியோ சத்தமில்லை என்றால் பேச்சு முடிந்தது என்று பல அமைப்புகள் எடுத்துக்கொள்கின்றன.

மனிதர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. வாக்கியம் போகும் போக்கையும் குரல் இறக்கத்தையும் வைத்து, எங்கே முடியும் என்று முன்பே கணிக்கிறோம். சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் என்ற உரையாடல் ஆய்வாளர்கள் மூவரும் 1974-இல் விளக்கிய முறைமாற்றத்துக்கு (ஒருவர் முடித்து அடுத்தவர் பேசும் ஒழுங்குக்கு) அடிப்படையே இந்தக் கணிப்புதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில் (தமிழ் அதில் இல்லை) கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி வினாடி. ஒரு சொல்லை யோசித்து வாய்திறக்கவே 600 மில்லி வினாடி போல ஆகும். அப்படியென்றால் எதிராளி முடிக்கும் முன்பே பதில் தயாராகத் தொடங்கிவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இயந்திரம் இடையில் வெட்டுவது இன்னும் மோசம்: "அந்த மாத்திரைய எடுத்துக்க..." என்ற இடத்தில் நிறுத்தினால், 'முடியும்' என்றாரா 'முடியல' என்றாரா?

ஆகவே, குரல் உதவியாளரை உருவாக்கும் பொறியாளர்களிடம் வெறும் எழுத்துப் பதிவை வாங்காதீர்கள். ஒலிப்பதிவு வேண்டும்; இயந்திரக் குரலும் அழைப்பவர் குரலும் தனித்தனித் தடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மோதலை அளக்கவே முடியாது. விஸ்பர் போன்ற தானியங்கிப் படியெடுப்பு முதல் வரைவுக்கு மட்டும். அது 'ம்', திக்கல், திரும்பச் சொன்ன சொல் எல்லாவற்றையும் பெரும்பாலும் துடைத்துவிடும். நீண்ட மௌனத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தையே எழுதிவைப்பதும் உண்டு. நமக்கு வேண்டியது அந்தத் துடைக்கப்பட்ட பகுதிதான். பிராட் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து இடைவெளிகளை வினாடியில் அளந்து, (0.8) என்பது போலக் குறியுங்கள். கிளவுடில் ஏற்றுவதற்கும் சேர்த்து அழைப்பவரின் ஒப்புதல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

அழைப்பவர் கடைசியில் தரும் நட்சத்திர மதிப்பெண்ணை விட, இயந்திரத்தின் பதிலுக்கு அடுத்து அழைப்பவர் என்ன செய்கிறார் என்பதே நல்ல சான்று. "இல்ல இல்ல" என்கிறாரா, சத்தத்தைக் கூட்டுகிறாரா, முதலிலிருந்து தொடங்குகிறாரா? பொறியாளர்கள் எண்ணிக்கை கேட்பார்கள். இருபது அழைப்புகளையாவது வரிவரியாகப் படித்து வகைகளை வரையறுத்த பிறகே எண்ணுங்கள். இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். பரிந்துரையும் இடம் சுட்டியதாக இருக்கட்டும்: கைபேசி எண் கேட்கும் இடத்தில் வரம்பைக் கூட்டுங்கள், 'ஆமா, இல்ல' கேட்கும் இடத்தில் இப்போதிருப்பதே போதும்.