"மூலிகைதானே டாக்டர்?"

போட்டிக்கு முந்தைய சாயங்காலம். கொரியாவில் ஒரு ஹோட்டல் அறை, கெட்டில் வெந்நீரில் ஒரு பழுப்பு நிறப் பாக்கெட் மிதக்கிறது. அந்த ஓட்டக்காரப் பெண்ணுக்கு ஜலதோஷம், மூக்கடைப்பு. பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் கொடுத்தார்களாம். "மத்தியானமே ஒண்ணு குடிச்சுட்டேன் டாக்டர், இஞ்சிக் கஷாயம் மாதிரிதான் இருந்துச்சு." மேலே அச்சிட்டிருந்த கொரிய எழுத்தைப் போட்டோ எடுத்து உள்ளூர்த் தன்னார்வலருக்கு அனுப்பினேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது: கல்குன்தாங். ஜலதோஷத்துக்கான கொரிய மூலிகைக் கஷாயம்.

இஞ்சி உண்டுதான். இலந்தை, பட்டை, அதிமதுரமும் உண்டு. கூடவே மாஹ்வாங், அதாவது எபிட்ரா. எபிட்ரின், சூடோஎபிட்ரின் என்ற ஊக்கமருந்துகள் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. போட்டிக்காலத் தடை முந்தைய இரவு 11.59-க்கே தொடங்கிவிடும், மத்தியானம் குடித்தது அதற்குள் உடம்பைவிட்டுப் போய்விடாது. அந்தப் பெண்ணைச் சோதனைக்குக் கூப்பிடவில்லை, பிழைத்தார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் போச்சு. இது மூன்றாவது ஆள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"மூலிகை, அதில் எப்படி டாக்டர் ஊக்கமருந்து வரும்?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குத் தலை சுற்றுகிறது. எபிட்ரின் என்ற பொருளையே 1885-இல் ஜப்பானில் நாகாயி நாகயோஷி இந்தச் செடியிலிருந்துதான் பிரித்தெடுத்தார். மாத்திரை பிற்பாடு வந்தது, செடிதான் முதலில். எட்டிக்கொட்டையையும் யாரும் ஆய்வகத்தில் செய்வதில்லை, நேராக மரத்தில் காய்ப்பதுதான். ஆனால் அதிலுள்ள ஸ்ட்ரிக்னின், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் (WADA) தடைப் பட்டியலில் இருக்கிறது. ஹிகெனமைன் என்று இன்னொன்று, 2017-இல் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தார்கள், போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை. அது நாபிக் கிழங்கிலும் இருக்கிறது, தாமரை விதைக்குள் பச்சையாக இருக்குமே அந்த முளையிலும் இருக்கிறது. இதைவிட இயற்கையாக ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கொரிய மருத்துவத்தின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 குவாங்ஜு யுனிவர்சியாட் (உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி) கிராமத்திலும் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கிலும் வீரர்களுக்கென்றே கொரிய மருத்துவர்கள் கிளினிக் நடத்தினார்கள். அக்குபங்சர், கப்பிங், கையால் மூட்டையும் தசையையும் சரிசெய்கிற சுனா, எதுவும் தடையில்லை. தாராளமாகப் போங்கள், பிடித்துக்கொண்ட முதுகு விட்டால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சில இடங்களில் ஊசியோடு மூலிகைச் சாற்றையும் ஏற்றுவார்கள், யாக்சிம் என்று பெயர். அது அக்குபங்சர் இல்லை, இன்ஜெக்‌ஷன். ஊசி வெறும் ஊசியா என்று படுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

கஸ்தூரி கதை தெரியுமா? 2011 மகளிர் உலகக் கோப்பை, ஜெர்மனி. வடகொரிய அணியில் ஐந்து பேருக்கு ஸ்டீராய்டு. மின்னல் தாக்கியது, அதற்காகக் கஸ்தூரி கலந்த நாட்டு மருந்து கொடுத்தோம் என்றார்கள். கஸ்தூரியில் ஸ்டீராய்டு இருப்பது உண்மைதான், ஆனால் ஃபிஃபா தண்டனையை விடவில்லை, 2015 உலகக் கோப்பையில் அந்த அணியே கிடையாது. அதே கஸ்தூரி சேர்வதுதான் தங்கரேக்கு சுற்றிய கொங்ஜின்தான் என்ற கொரிய மருந்து உருண்டை. ஊருக்குத் திரும்பும்போது பரிசாக வாங்கிவரும் பெற்றோர்களே, அதைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள்.

யார் கொடுத்தது என்பதும் உங்களைக் காப்பாற்றாது. 2000 சிட்னியில் ருமேனிய ஜிம்னாஸ்ட் அந்திரேயா ரதுகானுக்கு ஜலதோஷ மாத்திரை கொடுத்தவர் அவர்கள் டீம் டாக்டரேதான். தங்கம் போனது 16 வயசுப் பெண்ணுக்கு. (எங்கள் தொழிலில் இந்தக் கதையை யாரும் மறப்பதில்லை.)

சரி, என்ன செய்யலாம்? 'தாங்' என்று முடிகிற எதையும் என்னைக் கேட்காமல் குடிக்காதீர்கள். சோச்சொங்ரியொங்தாங் என்ற இன்னொரு கஷாயத்திலும் அதே மாஹ்வாங்தான். கிளினிக்கில் உங்களுக்கென்று காய்ச்சிக் கொடுக்கிற பாக்கெட்டில் பல நேரம் சேர்மானமே எழுதியிருக்காது, அதைத் தொடவே வேண்டாம். தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள், சோதனைப் படிவத்தில் எழுதுங்கள், காலி உறையை எறியாதீர்கள். மூக்கு அடைத்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் என் கதவைத் தட்டுங்கள், திட்ட மாட்டேன். பாக்கெட்டை மட்டும் கிழிக்காமல் கொண்டுவாருங்கள்.