ஊசி இறங்கினால் என்ஜின் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை

ஆழியாரைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கே நின்றால் ஆழியார் அணை முழுவதும் காலடியில் தெரியும். போன வருடம் என் பட்டறைக்கு வந்த ஒரு சான் ஸ்டார்ம் காருக்கு அந்த இடத்தில்தான் வெப்பமானி ஊசி சிவப்பைத் தொட்டிருக்கிறது.

ஓட்டியவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். பொறுப்பானவர். உடனே ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, கையிலிருந்த இரண்டு குடிதண்ணீர் பாட்டிலையும் ஊற்றிவிட்டு மறுபடி கிளம்பியிருக்கிறார். நாலைந்து வளைவு ஏறியதும் ஊசி மீண்டும் மேலே போயிருக்கிறது. அப்புறம் தானாகவே கீழே இறங்கிவிட்டது. "சரியாயிடுச்சுன்னு நினைச்சேன் தம்பி" என்று என்னிடம் சொன்னார். அட்டகட்டி தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. பிறகு ஒரே ஒரு கிறீச் சத்தத்தோடு நின்றது.

அந்த ஊசி ஏன் இறங்கியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட் ஓடும் வழியில் மூழ்கி இருக்கும். தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான். அது இரும்பையோ அலுமினியத்தையோ தொட்டு அளப்பதில்லை, தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். உள்ளே சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் பழுத்துக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் ஊசி நிதானமாக இறங்கும். ஏறிய ஊசி, வண்டியை நிறுத்தாமலே, மலை ஏற்றத்திலேயே சட்டென்று இறங்கினால் அதுதான் மிக மோசமான அறிகுறி. அந்த நொடியே சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். அடுத்த டீக்கடை வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம்.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சான் ஸ்டார்ம் 1990களின் கடைசியில் இந்தியாவில் செய்து விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கழற்றி மடிக்கும் மேற்கூரை, ஃபைபர் உடல், முன்சக்கர இழுவை. என்ஜின் ரெனோவின் 1149 சிசி நாலு சிலிண்டர் பெட்ரோல், சுமார் 60 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்களே அதைவிடக் கூடுதலாகத் தரும்போது இதில் என்ன ஸ்போர்ட்ஸ் என்று கேட்பவர்கள் உண்டு. எடை குறைவு, உட்காரும் இடம் தாழ்வு, ஸ்டீயரிங்கில் சாலை கைக்குத் தெரியும். ஒரு தடவை மலைப்பாதையில் ஓட்டியவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கமாட்டார். மிகக் குறைவாகவே விற்றது, இப்போது தயாரிப்பிலும் இல்லை. தெருவில் ஒன்றைப் பார்த்தால் நான் இன்னமும் நின்று பார்ப்பேன்.

என்னிடம் வருவதற்கு முன் அந்த வண்டி நாலு மாதம் வேறொரு ஷெட்டில் கிடந்திருக்கிறது. மலையில் நின்றபோது நடந்த சேதம் ஒரு பங்கு என்றால், அந்த நாலு மாதம் செய்த சேதம் இன்னொரு பங்கு. டிப்ஸ்டிக்கை உருவினேன், ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்து, அப்படியே கிடந்திருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கை அரிக்கும், சிலிண்டர் சுவரில் துருப் பிடிக்க வைக்கும். பணம் சேரும்வரை வண்டியைப் போட்டு வைப்பதில் தப்பில்லை. ஆனால் போட்டு வைப்பதற்கு முன் ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மூடி ஆயில் விடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்திருந்தால் இந்த வண்டியில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பேரிங்குகள் பிழைத்திருக்கும்.

"ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்த்தோம்" என்றும் சொன்னார்கள். அதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

முதல் வேலையாக நான் எதையும் கழற்றவில்லை. பிளக் ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் ஆயில் விட்டு, ஊறவைத்து, கிராங்கைக் கையால் சுற்றினேன். மூன்றாம் நாள் நகர்ந்தது. பிறகு ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட். ஒன்றாவது சிலிண்டரில் 160 பி.எஸ்.ஐ., நான்காவதில் 155. நடுவில் இருக்கும் இரண்டிலும் மூன்றிலும் 60கூட இல்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாக விழுந்திருந்தால், அவற்றுக்கு இடையில் ஹெட் கேஸ்கெட் எரிந்து வழிவிட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்த டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் "என்ஜின் போச்சு சார், இறக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஷெட்டில் வண்டியை விடாதீர்கள்.

ஹெட்டைத் திறந்ததும் எதிர்பார்த்தது இருந்தது. ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்க, விரிய இடம் இல்லாத ஹெட் வளைந்துகொள்ளும். நேர்விளிம்பு வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட ஹெட்டில் பொதுவாக 0.05 மில்லிமீட்டர் வரைதான் வளைவை அனுமதிப்போம். இதில் நடுவில் 0.20 தாராளமாக நுழைந்தது.

வளைந்த ஹெட்டை ஃபேஸிங் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்பக்கத்தைச் சமப்படுத்திவிடலாம், உண்மைதான். ஆனால் ஹெட் வளையும்போது மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் உட்காரும் வரிசையும் சேர்ந்து வளைந்திருக்கும். அதைப் பார்க்காமல் பூட்டினால் கேம் இறுகிச் சுற்றும். முதலில் விரிசல் இருக்கிறதா என்று சாய டெஸ்ட், பிறகு சூடான தண்ணீரில் அழுத்தச் சோதனை, பிறகு கேம் வரிசை, இவை எல்லாம் தேறினால்தான் ஃபேஸிங். இந்த ஹெட் தேறியது. சூடாக இருந்தபோது மேலே பச்சைத்தண்ணீரை அடிக்காமல் விட்டதற்கு சாருக்கு நன்றி சொன்னேன். அடித்திருந்தால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விழுந்திருக்கும்.

மூன்றாவது சிலிண்டர் சுவரில் பிஸ்டன் உரசி நெடுக்கக் கோடு விழுந்திருந்தது. விரல் நகத்தை வைத்தால் தட்டியது. நகம் தட்டினால் மேலாகத் தேய்த்து விடும் ஹோனிங் போதாது. ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி அலைவதைவிட, அந்த ஒரு சிலிண்டரை மட்டும் பெரிதாக்கி, உள்ளே ஸ்லீவ் என்ற புது உட்குழாயை இறக்கி, பழையபடி 69 மில்லிமீட்டருக்கே கொண்டுவந்தோம். கோயம்புத்தூரில் பம்ப் செட்டும் மோட்டாரும் செய்து பழகிய கைகள் இருக்கின்றன. ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை கரிவர்தன் உருவாக்கிய ஊர் இது. மைக்ரான் கணக்கில் வேலை கேட்டால் முகம் சுளிக்காத போரிங் பட்டறைகள் இங்கே கிடைக்கும். அளவை மட்டும் நீங்கள் பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உதிரிபாகம் கிடைக்காது என்று பயந்து இந்த மாதிரி வண்டிகளை ஸ்கிராப்புக்குப் போடுகிறார்கள். மனசு பதறுகிறது. வண்டி அபூர்வம்தான், ஆனால் என்ஜின் அபூர்வம் இல்லை. இதே டி7எஃப் குடும்ப என்ஜின் ஐரோப்பாவில் ரெனோவின் ட்விங்கோ, க்ளியோ கார்களிலும் ஓடியது. கேஸ்கெட் செட், ரிங், பேரிங், டைமிங் பெல்ட் கிட் எல்லாம் அங்கிருந்து வரவழைக்கலாம். உங்கள் வண்டியின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், என்ஜின் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். மேற்கூரை ரப்பர், விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி இவைதான் கிடைக்காது. அதனால் பட்டறையில் விடும்போது அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

வேறு என்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. சுலபமாகக் கிடைக்கும் மாருதி என்ஜின் ஒன்றை வைத்து ஓட்டிவிடலாம் என்று சாரிடம் ஒருவர் சொல்லியிருந்தார். என்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ.வில் பதியாமல் செய்தால், 15 வருடம் கடந்த வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் முதலில் கேட்கும். இந்த மாதிரி இயந்திரக் கோளாறுக்குச் சாதாரண காப்பீட்டில் பணம் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது விபத்து, தீ, திருட்டு போன்றவற்றுக்குத்தான்.

எல்லாப் பாகமும் மேஜைமேல் இருந்தபோதும் நான் என்ஜினைக் கட்ட ஆரம்பிக்கவில்லை. ஏன் சூடானது? அதற்குப் பதில் இல்லாமல் கட்டினால், புதுக் கேஸ்கெட் அதே வளைவில் மறுபடி எரியும்.

தேடியபோது கிடைத்தது இது. ரேடியேட்டர் குழாய்களில் பாதிக்கு மேல் உப்புப் படிந்து அடைத்திருந்தது. பல வருடமாக வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினாலே பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், என்ஜினுக்குள்ளும் அதுதான் நடக்கும். அடைப்பால் முன்பே ஒருமுறை வண்டி சூடாகியிருக்கிறது. அப்போது பார்த்த பட்டறையில் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் சூடு குறைந்தது. மறுபடி சூடானபோது ரேடியேட்டர் ஃபேனை, அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான ரிலே இல்லாமல் சாவியோடு நேராக இணைத்துவிட்டார்கள், சாவி போட்டதும் ஓடுகிற மாதிரி. அந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் கனெக்டர் மெல்ல மெல்ல உருகி, ஒருநாள் விட்டுவிட்டது. சமவெளியில் வேகமாகப் போகும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேன் இல்லாதது தெரியாது. இரண்டாவது கியரில் மலை ஏறும்போது காற்று ஏது? ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. மூடி அழுத்தம் பிடித்தால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். பிடிக்காவிட்டால் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஒவ்வொரு முறையும் யாரோ சூட்டைக் குறைத்திருக்கிறார்கள். காரணத்தை யாரும் தேடவில்லை. அந்த முதல் நாளே ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் சாருக்கு ஒரு மாதப் பென்ஷன்கூடச் செலவாகியிருக்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை" என்று பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தெர்மோஸ்டாட் என்ஜினைச் சூடாக்கும் பொருள் இல்லை. ஏறக்குறைய 90 டிகிரியில் நிலையாக வைத்திருக்கும் பொருள். அது இல்லாவிட்டால் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஆயிலைக் கழுவும், ரிங் தேயும். வண்டியை வாங்கிப் போகும்போது கேளுங்கள்: "தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கா அண்ணா?"

கூலன்ட்டிலும் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பச்சை, சிவப்பு என்பது வெறும் சாயம். உங்கள் என்ஜினுக்குச் சொன்ன தரம் டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம்.

கட்டும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. ஹெட் போல்ட்டுகள் புதியவை, ஏனென்றால் கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டால் அதே பிடிப்பு மறுபடி வராது. டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றினேன், பெல்ட்தான் அதைச் சுற்றுகிறது. பெட்ரோல் குழாய்கள் எல்லாம் எத்தனால் தாங்கும் வகை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பர் அதில் உப்பி வெடிக்கும். ஃபைபர் உடல் தீப்பிடித்தால் அணைப்பது கடினம், அதனால் இந்தச் செலவை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. ஃபேன் ரிலேவோடு ஒழுங்காக இணைந்தது. கூடுதலாக ஒன்று: ஹெட்டின் உலோகத்திலேயே ஒரு சென்சார் பதித்து டேஷ்போர்டின் அடியில் பஸ்ஸர் வைத்தேன். தண்ணீர் இல்லாவிட்டாலும் அது சூட்டைக் காட்டும், கத்தும். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

ஏழு மாதம் கழித்து வண்டியைக் கொடுத்தபோது, முதல் 500 கிலோமீட்டருக்கு மலை ஏற வேண்டாம், ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டாம், நின்ற இடத்தில் ஐடிலில் விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சார் அந்தச் சீட்டைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். 500 முடிந்த அன்று காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்து இருவரும் பார்த்தோம். உலோகத் துகள் எதுவும் மின்னவில்லை. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் 170ஐ ஒட்டி இருந்தது. "இனி வால்பாறை போகலாமா தம்பி?" என்று கேட்டார். இன்னும் ஒரு 500 போகட்டும் சார், நானும் கூட வருகிறேன் என்றேன்.