'திங்': அவையாக இருந்து பொருளான சொல்

ஆங்கிலத்தில் 'திங்' என்பது பெயர் வாயில் வராத எதையும் சுட்ட உதவும் சோம்பல் சொல். தமிழ்ப் பேச்சில் 'சாமான்' செய்கிற வேலையை அது செய்கிறது. ஆனால் ஆங்கிலம், ஜெர்மன், டேனிஷ் முதலிய ஜெர்மானிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இச்சொல் பழங்காலத்தில் குறித்தது 'பொருளை' அன்று. வழக்குத் தீர்க்கவும் சட்டம் பேசவும் குறித்த நாளில் மக்கள் கூடிய அவை என்பதே அது. 'காலம்' எனப் பொருள்படும், வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோத்திக்கின் 'தேய்ஹ்ஸ்' இதற்கு இனமான சொல் என்பதால், 'குறித்த வேளை' என்பதே மூலக் கருத்தாக இருந்திருக்கலாம்.

அந்த அவை இன்றும் இருக்கிறது. ஐஸ்லாந்தில் 930ஆம் ஆண்டு திங்வெட்லிர் என்னும் வெட்டவெளியில் தொடங்கிய 'ஆல்திங்கி' அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயராக நீடிக்கிறது. சட்டம் ஏட்டில் ஏறாத அக்காலத்தில், சட்டமுரைப்போர் என்னும் பதவியாளர் அங்கிருந்த சட்டப் பாறையில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார். நார்வேயின் 'ஸ்டோர்டிங்', டென்மார்க்கின் 'ஃபோல்கெடிங்' ஆகிய பெயர்களிலும் இச்சொல்லே உள்ளது. டேனிஷ் மொழியில் 'என் டிங்' என்றால் ஒரு பொருள், 'எட் டிங்' என்றால் ஓர் அவை. இரண்டையும் பிரிப்பது இலக்கணப் பால் ஒன்றுதான்.

வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரருகே, ஹவுஸ்டெட்ஸ் கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியர் காலப் பலிபீடம் ஒன்று, ஜெர்மானியப் படைவீரர்கள் 'மார்ஸ் திங்சஸ்', அதாவது அவைக்குரிய மார்ஸ் (மார்ஸ் ரோமானியப் போர்த்தெய்வம்), என்னும் தெய்வத்துக்கு எழுப்பியது. ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் 'டீன்ஸ்டாக்' இத்தெய்வப் பெயரிலிருந்தே வந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. மார்ஸ் என்பது செவ்வாய்க் கோளின் பெயருமாதலால், நம் கிழமையும் அவர்கள் கிழமையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. (நம் 'திங்கள்' இதற்கு உறவன்று, ஒலி ஒற்றுமையைக் கண்டு மயங்க வேண்டாம்.)

கூடிப் பேசும் இடத்தின் பெயர், அங்கே பேசப்படும் வழக்குக்கும், பின் எந்த விவகாரத்துக்கும், கடைசியில் கையில் எடுக்கும் எதற்கும் பெயராயிற்று. லத்தீனில் வழக்கைக் குறித்த 'காவ்சா' இத்தாலியத்தில் 'கோசா' என்று வெறும் பொருளாகத் தேய்ந்ததும், பூசலைக் குறித்த ஒரு சொல் ஜெர்மனில் 'சாஹெ' என்று பொருளைக் குறிக்க வந்ததும் இதே வழியில்தான்.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடுவது வீண். இக்கால ஆட்சிக்குப் 'பொருள்', பழைய ஆட்சிக்கு 'அவை' அல்லது 'மன்றம்' என இரண்டாகக் கொள்வதே தகும். இடைப்பட்ட படியைப் 'பேசுபொருள்' என்னும் நம் சொல் அழகாகக் காட்டிவிடுகிறது. ஆகவே 'ஸ்டோர்டிங்' என்பதைப் 'பெருமன்றம்' என்றும், 'ஆல்திங்கி' என்பதைப் 'பொது அவை' என்றும் பெயர்க்கலாம். இன்றைய அகராதியை மட்டும் நம்பி இறங்குபவர் ஐஸ்லாந்து நாடாளுமன்றத்துக்கு 'எல்லாப் பொருள்' என்று பெயரிட்டு, அதை மளிகைக் கடை ஆக்கிவிடக்கூடும்.