ஐயுறவை அவநம்பிக்கை ஆக்காதீர்கள்

ஸ்கெப்டிசிசம் (skepticism, ஆராயாமல் எதையும் ஏற்காத ஐயுறவு) என்று கண்டால் போதும், மொழிபெயர்ப்பாளர்கள் 'அவநம்பிக்கைவாதம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை கட்டுரையில்தான் இதைப் பார்ப்பது!

மூலம் கிரேக்கம். ஸ்கெப்டிகோஸ் என்றால் ஆராய்ந்து பார்ப்பவர், அவ்வளவுதான். பண்டைய கிரேக்கத் தத்துவஞானி பிர்ரோவின் வழிவந்தவர்கள் செய்ததும் முடிவைத் தள்ளிவைப்பது, மறுப்பது அல்ல.

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சொல் பெரிய வம்பாகிறது. செபாஸ்டியன் காஸ்டெல்லியோவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் பாசலில் கிரேக்க மொழிப் பேராசிரியர், பைபிளை லத்தீனிலும் பிரெஞ்சிலும் பெயர்த்தவர். 1553இல் மிகேல் செர்வெட்டஸ் என்ற இறையியலாளரை ஜெனீவாவில் உயிரோடு எரித்ததற்காக, அந்நகரின் சீர்திருத்தத் தலைவர் கால்வினை எதிர்த்து எழுதியவர். 'ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதாகாது, ஒரு மனிதனைக் கொல்வதே' என்றவர். 1563இல் சாகும்போது அவர் முடிக்காமல் விட்டுப்போன நூலின் லத்தீன் தலைப்பைத் தமிழில் சொன்னால்: ஐயுறவும் நம்பவும், அறியாதிருக்கவும் அறியவுமான கலை. இதில் 'அவநம்பிக்கை'யைப் போட்டுப் பாருங்கள். நம்பாமல் இருக்கவும் நம்பவும் ஒரு கலையா? ஐயுறுவதும் நம்புவதும் ஒரே ஆளுக்குள் அடங்கும், எதை எப்போது செய்வது என்பதுதான் கேள்வி என்று அவர் சொல்ல வந்ததே காணாமல் போய், கடவுள் நம்பிக்கையுள்ள மனிதர் நாத்திகர் போல ஆகிவிடுகிறார்.

இன்னொன்று. 1525இல் அறிஞர் எராஸ்மஸுக்குப் பதில் எழுதிய சீர்திருத்தத் தலைவர் லூத்தர், பரிசுத்த ஆவியானவர் ஸ்கெப்டிக் அல்ல என்றார். பரிசுத்த ஆவியானவர் அவநம்பிக்கைவாதி அல்ல என்று பெயர்த்தால், அப்படி யார் சொன்னது என்று வாசிக்கிறவர் முழிப்பார்.

சரி, சந்தேகவாதம்? வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. சந்தேகம் இன்று ஆள் மேல் விழுகிற சொல்லாகிவிட்டது. போலீஸ் சந்தேகப்படுகிறது, மாமியார் சந்தேகப்படுகிறார். கருத்தின் மேல் எழுவதற்கு ஐயம் இருக்கிறது, 'ஐயந்திரிபற' என்று இன்றும் எழுதத்தானே செய்கிறோம்? அப்புறம், எதைக் கண்டாலும் பின்னால் ஒரு 'வாதம்' ஒட்டுகிற பழக்கம் வேறு. பக்கவாதம் மாதிரி அது மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்து ஆட்டுகிறது. பிர்ரோவின் மரபைச் சொல்ல ஐயுறவுக் கொள்கை போதும், காஸ்டெல்லியோவுக்கு வெறும் ஐயுறவே போதும். செர்வெட்டஸையும் ஐயுறவாளர் பட்டியலில் சேர்க்கிறவர்களை என்ன சொல்வது? தந்தை, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவக் கோட்பாடு பிழை என்று 1531லேயே நூல் போட்டவர் அவர். அதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.